கொல்லைக் குளத்தின் ஏழு படிகள்

1

எங்கள் வீட்டுத் துளசி மாடம் அரசாங்கப் பரிசோதனையில் தோற்றுவிட்டது.

பரிசோதிக்க வந்த பெண்மணியைக் குறை சொல்ல மாட்டேன். வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டவள். இங்கே பிரிஸ்பேனில் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டினால், சும்மா குழாயைத் திறந்து நிரப்பிவிட முடியாது. முதலில் சுற்றி வேலி போட வேண்டும். பிறகு அதற்கென்று உரிமம் பெற்ற ஒருவர் வந்து வேலியை அளந்து சான்றிதழ் தர வேண்டும். எந்த வீட்டுக் குழந்தையும் ஏறிக் குதித்துத் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடு. நல்ல சட்டம்தான். நம் ஊர்க் கிணறுகளுக்கும் இப்படி ஒன்று இருந்திருந்தால், எத்தனையோ வீடுகளில் சுவரில் ஒரு போட்டோ குறைந்திருக்கும்.

அவள் வேலியின் உயரத்தை அளந்தாள். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று பாதி திறந்தும் முழுக்கத் திறந்தும் விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவள் துளசி மாடத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

இது என்ன என்று கேட்டாள். புனிதமான செடி, தினமும் விளக்கேற்றிச் சுற்றி வந்து கும்பிடுவோம் என்றேன். மரியாதையாக ஓர் அடி பின்வாங்கினாள். பின்வாங்கிய இடத்திலிருந்தே அளவு நாடாவை நீட்டினாள். மாடத்துக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு சாண்தான் இருந்தது. ஒரு குழந்தை மாடத்தின் விளிம்பில் கால் வைத்தால் அடுத்த கால் வேலிக்கு அந்தப் பக்கம். ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ‘ஏறுவதற்கு உதவும் பொருள்’ என்று தாளில் எழுதினாள்.

என் கணவர் செல்வம் பின்னால் நின்று, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றார். அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை.

மாடத்தை வேலியோரம் வைக்கச் சொன்னது நான்தான். துளசியைச் சுற்றும்போது தண்ணீர் கண்ணில் பட வேண்டும் என்று ஆசை. கண்ணில் பட்டால் போதும், கிட்டே போக வேண்டாம். எனக்கு நீந்தத் தெரியாது. தெரியாது என்பதுகூடக் கொஞ்சம் பெருமையாகச் சொல்வதுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு இப்போது வயது ஐம்பத்து நான்கு. இந்தக் குளம் கட்டுகிற வரைக்கும் எந்தத் தண்ணீரிலும் கணுக்காலுக்கு மேல் நனைய இறங்கியதில்லை. அப்படிப்பட்டவள்தான் குளம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஏன் என்று ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

2

நான் பிறந்தபோது எழுதிய ஜாதகத்தில் ஜலகண்டம் என்று இருந்ததாம். தண்ணீரால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் இருந்தது. ஊரே ஒரு தீவு. தெற்கே நடந்தாலும் தண்ணீர், வடக்கே நடந்தாலும் தண்ணீர். அங்கே ஒரு பெண்ணைத் தண்ணீரில் இறக்காமல் வளர்ப்பது லேசான காரியமில்லை. அம்மா அதைச் செய்து காட்டினாள். நான் கிணற்றடிக்குப் போனால் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்னாலேயே வருவாள். மழை பெய்தால், பள்ளிக்கூடம் போகிற வழியில் எந்தெந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். வகுப்புத் தோழிகள் முக்கொம்பு அணைக்கட்டுக்குப் போனபோது எனக்கு மட்டும் வயிற்றுவலி வந்தது. வயிற்றுவலி என்று டீச்சருக்குக் கடிதம் எழுதியவள் அம்மா.

ஆடிப் பதினெட்டன்று மட்டும் அவளால் என்னை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. அன்றைக்கு ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், புது வெள்ளத்துக்கு மஞ்சள், குங்குமம், பூ, காதோலை, கருகமணி எல்லாம் கொடுத்துக் கும்பிட்டு வருவது வழக்கம். எல்லாரும் இறங்குவார்கள். என் அண்ணன் வாசு படிக்கட்டின் ஓரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார். நான் மேல்படியில் நிற்பேன். மாற்றுத் துணிகள் இருக்கிற பை, தேங்காய்த் தட்டு, அண்ணாவின் கடிகாரம், எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். அம்மா முழுகி எழுந்து, பித்தளைச் செம்பில் ஆற்றை மொண்டு, ஈரப் புடவையோடு படியேறி வந்து என் தலையில் ஊற்றுவாள்.

“ஆச்சு. உனக்கு இது போறும்.”

வருஷத்துக்கு ஒரு செம்பு காவிரி. குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் என் முதுகில் இறங்கி, படிகளில் வழிந்து, மறுபடி ஆற்றுக்கே போவதைப் பார்க்கும்போது அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பிறகு செல்வத்தைச் சந்தித்தேன். திருச்சியில் கல்லூரி, ஒரே வகுப்பு. தொட்டியத்தில் வாழை போடுகிற விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆற்றில் குதிப்பது அவர் வீட்டில் பல் தேய்ப்பதுபோல. எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டுச் சம்மதமும் இல்லாமல் நடந்தது. அது பழைய கதை. இப்போது வாசு அண்ணாவும் செல்வமும் மச்சான் மச்சான் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள், எனக்குத்தான் போன் கிடைப்பதில்லை. ஒரு விஷயத்துக்காக மட்டும் அதை இங்கே குறிப்பிடுகிறேன். ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம். அதனால் என் ஜாதகம் அம்மாவின் தகரப் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. அதை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

3

நரேன் எங்கள் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது. இந்த ஊரில் குழந்தைகள் நடக்கப் பழகியதும் நீந்தப் பழகுகிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அம்மாவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில், கடற்கரையில் அலையில் சிக்குகிறவர்களைக் காப்பாற்றுகிற தொண்டர் குழுவில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றான். மூன்று நாள் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் செல்வம்தான் ஓர் உடன்படிக்கை செய்து வைத்தார். கடலில் இறங்குவதற்கு முன்னால் எனக்கு ‘உள்ளே’ என்று போனில் அனுப்ப வேண்டும். கரையேறியதும் ‘வெளியே’ என்று அனுப்ப வேண்டும். தமிழ் எழுதத் தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவான். ulle. veliye.

பத்து வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நான் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்ததில்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்பு விழும். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு. நல்லவேளை, அவன் கடலுக்குப் போவது சனி, ஞாயிறுகளில் மட்டும்.

அவனுக்கு வயது ஏற ஏறத் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. சின்னப் பையனாக இருந்தபோது மூச்சுவிடாமல் பேசியவன், பிறகு நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னான், பிறகு தோளைக் குலுக்கினான். வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே அவன் தூரம் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இரண்டு சொற்கள் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் அவனே தமிழில் ஆரம்பித்தான். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இந்த நாட்டின் மேற்குக் கரையில், திமிங்கிலங்களை ஆராய்கிற ஒரு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறதாம். மூன்று வாரம் கடலில், ஒரு வாரம் கரையில். இரண்டு வருஷம்.

“நீ சரின்னு சொன்னாத்தான் போவேன் அம்மா. ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு. நீ யோசிச்சு சொல்லு.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நான் என் அம்மாவை விட்டுவிட்டு வந்தவள்தானே. சரி என்றும் சொல்ல முடியவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்:

“நம்ம கொல்லைல ஒரு நீச்சல் குளம் கட்டலாமா?”

செல்வம் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார். நரேன் என்னைப் பார்த்தான். தண்ணீர்தானே இவனுக்கு வேண்டும், அது வீட்டிலேயே இருந்துவிட்டால் இவனும் இருந்துவிட மாட்டானா என்று ஒரு கணக்கு. அசட்டுக் கணக்கு என்று எனக்கே தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் வேலையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், “முதல்ல குளம் முடியட்டும்டா” என்பேன். அவனும் சரி என்று எழுந்து போய்விடுவான்.

குளத்தை முடிக்காமல் இருக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் செய்தேன். குளத்தை வடிவமைக்க வந்தவர் பெயர் டேரன். பொறுமைசாலி. எத்தனை பேர் நீந்துவீர்கள் என்று கேட்டார். ஒருவன் நீந்துவான், ஒருத்தி பார்ப்பாள் என்றேன். நான் கேட்ட முதல் பொருள் படிகள். ஒரு மூலையில் நாலு படி வைப்பதுதான் இங்கே வழக்கம். எனக்கு ஒரு பக்கம் முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஏழு படி வேண்டும் என்றேன். மேல்படி அகலமாக, நனையாமல் இருக்க வேண்டும். டேரன் வரைந்து பார்த்துவிட்டு, குளத்தில் பாதியைப் படிகளே தின்றுவிடும், நீந்த எங்கே இடம் என்று கேட்டார்.

“படித்துறை கட்டுறோமா, குளம் கட்டுறோமா?” என்றார் செல்வம்.

வாசு அண்ணா வீடியோ காலில் வந்து, தண்ணீர் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். “இங்க சூரியன் வடக்கால போகுதே மச்சான், ஈசானியம் இடம் மாறாதா?” என்று செல்வம் கேட்டதும் அண்ணா போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, “திசை திசைதான் மச்சான், அது மாறாது” என்றார். டேரனும் வடகிழக்கு மூலைக்குத்தான் நல்ல வெயில் வரும் என்று சொல்லியிருந்தார். எல்லாரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கல்லுக்கு மூன்று வாரம் ஆனது. மாதிரித் துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, காலையில் ஒரு கல்லும் மாலையில் ஒரு கல்லும் பிடித்தது. கடைசியில் சொரசொரப்பான கருங்கல், ஈரத்தில் வழுக்காது. குளத்தையொட்டி உட்கார்வதற்குக் கல்தளம் போட்டு, அதற்கு மேல் முல்லை படரப் பந்தல், சுவரில் விளக்கு வைக்க மாடக்குழிகள், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல்பெஞ்சு. வெளியே இறைச்சி வாட்டும் அடுப்பை எங்கே வைக்கலாம் என்று டேரன் கேட்டார். எங்கள் வீட்டில் வெளியே அடுப்பு மூட்டுவது பொங்கலன்று மட்டும் என்றேன். அதற்கும் அவர் செங்கல்லில் ஒரு மேடை கட்டிக் கொடுத்தார். செல்வம் தன் பங்குக்கு நாலு வாழை நட்டார். வாழை நடுவதற்கும் இங்கே விதிகள் உண்டு. எந்த ரகம், எங்கே வாங்கினது என்று படித்துப் பார்த்துவிட்டு, “தொட்டியத்துல எங்கப்பாகிட்ட இதைச் சொன்னா நம்பவே மாட்டாரு” என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

இத்தனையும் செய்துகொண்டிருக்கும்போது ஆனி மாதம் வந்துவிட்டது. ஆகஸ்டுக்கு அதிக நாள் இல்லை.

4

ஆனியில் அம்மாவின் திதி. அண்ணாதான் செய்கிறார். இந்த வருஷம் நானும் கிளம்பினேன். திதிக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் அது பொய். நரேனுடைய ஜாதகம் அம்மாவின் பெட்டியில் இருந்தது. அதில் ஜலகண்டம் என்று ஒரு வார்த்தை இருந்துவிட்டால் போதும், நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஜாதகம் சொல்லிவிடும். பெற்ற பிள்ளைக்குக் கண்டம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விமானம் ஏறிய அம்மா நான். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நரேன் பிறந்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசாமலேயே இருந்த அம்மா, நாலு வருஷம் கழித்து முதல்முறையாகப் போன் செய்தாள். எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. “எத்தனை மணிக்குப் பொறந்தான்?” என்று கேட்டாள். நேரத்தைக் குறித்துக்கொண்டு வைத்துவிட்டாள். மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச ஆரம்பித்தாள்.

திதி முடிந்த மறுநாள் அண்ணா பெட்டியைத் திறந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜோசியமும் கொஞ்சம் தெரியும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நரேனுடையது கிடைத்தது. பிரிஸ்பேன் நேரம், நம்ம நேரம் என்று அம்மாவின் கையெழுத்தில் இரண்டும் இருந்தது.

“கண்டம்னு ஒண்ணும் இல்லையே, ராஜி. கடக ராசி, ஜலராசி. தண்ணில ஜீவனம்னுகூட வெச்சுக்கலாம். என்ன, மொகம் இப்படிப் போறது?”

“ஒண்ணுமில்லை. என்னுதையும் பாரேன் அண்ணா, எவ்வளவு மோசம்னு.”

பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். காபி கொண்டுவந்த மன்னியிடம் விளக்கைப் போடச் சொல்லி மறுபடி பார்த்தார்.

“பன்னண்டு வயசு வரைக்கும்னு போட்டிருக்கு.”

“என்னது?”

“ஜலகண்டம். பன்னண்டு வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் தீர்க்காயுசுன்னு எழுதியிருக்கா.”

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஜாதகம் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்துப் படிக்கத் தெரியுமே. தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக முடிந்துபோன ஒரு கண்டத்துக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். அம்மா சொல்ல மறந்துவிட்டாள் போல என்றேன். அண்ணா காபியைக் குடித்து முடித்தார்.

“மறக்கலை, ராஜி” என்றார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. “உனக்குப் பன்னண்டு முடிஞ்ச வருஷம், ஆடிப்பெருக்கு அன்னிக்கு நானே அம்மாவைக் கேட்டேன். கண்டம்தான் முடிஞ்சுடுத்தே, இவளும் எறங்கட்டுமேன்னு.”

“என்ன சொன்னா?”

“இன்னிக்கு எறங்குவா, நாளைக்கு நீந்தக் கத்துக்கறேம்பா, அப்பறம் அக்கரைக்குப் போறேம்பா. அவ மேல்படிலயே இருக்கட்டும்டா, எனக்கு அதான் நிம்மதின்னா.”

“நீ ஏன் என்கிட்ட சொல்லலை?”

“எனக்கு அப்போ பதினெட்டு வயசு. அடுத்த நிமிஷம் தண்ணில குதிச்சுட்டேன், மறந்தே போச்சு. நீயும் ஒரு நாளும் கேக்கலையே.”

எனக்குக் கோபம் வந்தது. திதி கொடுத்த ஈரம் காயவில்லை, அதற்குள் அம்மாமேல் அப்படி ஒரு கோபம். செல்வம் தொட்டியத்தில் ஆற்றில் இறங்கி என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் சட்டையைக் காவல் காத்துக்கொண்டு கரையில் நின்றது, நரேனின் முதல் நீச்சல் போட்டிக்குப் போகாமல் வீட்டில் தலைவலி என்று படுத்துக்கொண்டது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இத்தனை செய்தும் அவளால் என்ன முடிந்தது? நீந்தக் கற்றுக்கொள்ளாமலேயே நான் அக்கரைக்குப் போனேன். அதுவும் கடல் தாண்டி.

மறுநாள் காலை அம்மா மண்டபத்துக்கு நடந்து போனேன். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது, நடு ஆற்றில் மணல் தெரிந்தது. மேல்படியில் நின்றேன். கண்டம் இல்லை, தடுக்க அம்மாவும் இல்லை. ஆனால் கால் கேட்கவில்லை.

பூ விற்கிற அம்மாள் பார்த்துவிட்டு, “எறங்குங்கம்மா, மொழங்கால் தண்ணிதான் இருக்கு” என்றாள்.

“அப்புறமா வரேங்க” என்று சொல்லிவிட்டு ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் கோபம் போயிற்று. அம்மா என்னை வருத்த வேண்டும் என்றா செய்தாள்? பெண் தூரம் போய்விடுவாள் என்று பயந்தாள். அந்தப் பயத்தைக் கண்டத்தின் பெயரில் ஒளித்து வைத்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஏழு படியும் கருங்கல்லும் முல்லைப் பந்தலும் போட்டு, முதல்ல குளம் முடியட்டும்டா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரைத்தான் நான் நரேனுக்குக் கொல்லையில் கட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு இது போறும் என்று.

கிளம்பும்போது அம்மாவின் பித்தளைச் செம்பை மன்னியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

5

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டினேன். செம்பை விட்டுவிட்டார்கள். கருகமணியையும் விட்டுவிட்டார்கள். காதோலையை மட்டும் அதிகாரி கையுறை போட்ட இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சுருட்டிய சின்னப் பனையோலைத் துண்டு, அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டார். ஆற்றுக்குக் கொடுப்பதற்கு என்றேன். எந்த ஆறு என்றார். என் வீட்டு நீச்சல் குளம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செடி கொடி சம்பந்தப்பட்டது எதையும் உள்ளே விட முடியாது என்று சொல்லி, காதோலையை ஒரு பையில் போட்டு மூடினார். வருத்தமாகத்தான் சொன்னார்.

துளசி மாடத்தை வேலியிலிருந்து நாலு எட்டு தள்ளி வைத்தோம். பரிசோதகர் மறுபடி வந்து அளந்து, இந்த முறை கையெழுத்துப் போட்டாள். போகும்போது துளசியைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனாள்.

6

ஆடி என்றால் உங்களுக்குக் காற்று. எங்களுக்கு இங்கே நடுக் குளிர்காலம். யாரும் இந்த மாதத்தில் குளத்தை நிரப்ப மாட்டார்கள், வசந்தம் வரட்டும் என்றார் டேரன். ஆடிப் பதினெட்டுக்குத்தான் நிரப்ப வேண்டும் என்றேன். காரணம் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, முந்தின நாளே குழாயைப் போட்டுவிட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் ஏழு படிகளில் ஆறு தண்ணீருக்குள் இருந்தன. மூச்சுவிட்டால் புகை வந்தது. நரேன் வீட்டில் இல்லை. இருபது நிமிஷத் தூரத்தில் ஓர் உள்ளரங்குக் குளத்தில் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தான். இந்த ஊர் அம்மாக்கள் எல்லாம் அவனை நம்பிக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மேல்படியில் நின்று பூவையும் கருகமணியையும் தண்ணீரில் விட்டேன்.

“மஞ்சளைக் கொட்டிடாத ராஜி, மோட்டார் அடைச்சுக்கும்” என்றார் செல்வம். ஒரு சிட்டிகை மட்டும் விட்டேன். செம்பில் மொண்டு என் தலையில் நானே ஊற்றிக்கொண்டேன். உயிர் போகிற குளிர். செல்வம் துண்டை நீட்டினார், வழக்கம்போல முடிந்துவிட்டது என்று நினைத்து.

“இன்னிக்கு இது போறலை” என்று சொல்லிவிட்டு இரண்டாவது படியில் கால் வைத்தேன்.

அவர் துண்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு, இந்தக் குளிரில் வேட்டியோடு எனக்கு முன்னால் இறங்கிக் கையை நீட்டினார். மூன்றாவது படியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலாவதில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஐந்தாவதில் அழுதேன். ஆறாவது படியில் இடுப்பு வரைக்கும் தண்ணீரில் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் என்னைச் சுற்றிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

“போனைக் குடுங்க” என்றேன். அவர் ஏறிப் போய் எடுத்து வந்தார். ஈர விரலால் நரேனுக்கு அனுப்பினேன். ulle.

அதற்கு மேல் பல் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்து, போனைப் பெஞ்சில் துண்டுக்கு அடியில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் சமையலறைக்குள் ஓடி, காபி போட்டுக்கொண்டு அடுப்போரம் நின்றோம். சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் கார் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து போட்டுவிட்டு நரேன் ஓடி வந்தான். செருப்பில்லை. ஈர நிஜார், கழுத்தில் விசில். எங்களைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் ஓடி, வேலிக் கதவைப் பிடித்து நின்று, ஆளில்லாத குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“யாரு உள்ளே? யாரு அம்மா உள்ளே போனது?”

“நான்தான்டா. குளத்துல. இடுப்பு வரைக்கும்.”

என் ஈரத் தலையையும் ஈரத் துணியையும் பார்த்தான். அலமாரியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

“ஏழு தடவை கூப்பிட்டேன். ஏன் எடுக்கலை?”

“போன் வெளில இருக்கு.”

“வெளியேன்னு அனுப்பணும்ல அம்மா.”

“மறந்துட்டேன்டா.”

அவன் கண் கலங்கியிருந்தது. ஆங்கிலம் கலக்காமல் பேசினான், அதுவே அவனுக்குத் தெரியவில்லை.

“பத்து வருஷம் அம்மா. நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை.”

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் காபியை அவன் கையில் கொடுத்தேன்.

“தெரியும்டா. அதனாலதான் சொல்றேன். கப்பலுக்குப் போயிட்டு வா.”